சுவரில் மாட்டிய யானை மூட்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்துக்குள் எனக்குக் கல்யாணமாகி, மூன்று பிள்ளைகள் பிறந்து, பேத்தியும் வேலைக்குப் போய்விட்டாள். அவ்வளவு வருஷத் தயக்கம். ஒரு காரணம் வெட்கம். இன்னொரு காரணம் அஞ்சலை அக்கா. "நீ எழுதுனா பெரிசாக்கிப்புடுவே, உனக்கு அந்த வியாதி உண்டு" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். அவர் இருந்தவரை பேனாவைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன மாதம் அவருடைய கருமாதிக்குப் போயிருந்தேன். பந்தியில் அந்தக் கதையைத்தான் பேசினார்கள். பட்டாளம் வந்து தோட்டத்தைச் சுற்றி வளைத்தது என்றார் ஒருவர். அஞ்சலை அகப்பையால் வெள்ளைக்காரனை ஒரு போடு போட்டார் என்றார் இன்னொருவர். (அகப்பை அப்போது அவர் கையிலேயே இல்லை.) மூன்றாவது ஆள் ஹெலிகாப்டரையே இறக்கிவிட்டார். அதோடு விடாமல், பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் தெரியாது பெரியவரே, எல்லாத்துக்கும் காரணம் ஆபீசில கணக்கெழுதுன ஒரு கிறுக்குக் கிராணியாம்" என்று விளக்க ஆரம்பித்தார்.

அந்தக் கிறுக்குக் கிராணி நான்தான். பாயசத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, சாமி விளக்கை ஏற்றி, மாரியாத்தாளிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். நடந்தது நடந்த அளவிலேயே இதில் இருக்கும்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில், லிங்கிப் பக்கம். வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலிக்கு ஒரே வாசல். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். வாளிக்குள் எல்லாம் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறு அகப்பட்டாலும் வழக்குத்தான். வீட்டில் அரிசி வைத்திருக்கக் கூடாது, உலை வைக்கக் கூடாது. தோட்டத்துக்கே ஒரு பொதுச் சமையல் கொட்டகை. வெந்த சோற்றை அங்கே போய் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ள வேண்டும். வெந்த சோறு மறுநாளே ஊசிவிடும், காட்டில் சேர்த்துவைக்க முடியாது அல்லவா, அதனால் அந்த ஏற்பாடு.

அந்தக் கொட்டகையை ஆண்டது அஞ்சலை அக்கா. அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் பால்வெட்டு. அக்கா அண்டாவின் விளிம்பில் அகப்பையைத் தட்டினால் கங்காணிகூடப் பேச்சை நிறுத்திவிட்டு வரிசைக்கு வந்துவிடுவார்.

நான் ஆபீசில் சின்னக் கிராணி. அதுவும் தற்காலிகம். ஆறாம் வகுப்புத் தமிழ், பாதிரியார் ஒருவரிடம் கற்ற அரைகுறை இங்கிலீஷ், நெற்றி நிறைய விபூதி, இவைதான் என் தகுதிகள். துரை மனசு வைத்தால் நிரந்தரம் ஆகும் என்று பெரிய கிராணி சொல்லிக்கொண்டே இருந்தார். துரை என் பக்கம் திரும்பினால்தானே மனசு வைப்பார்? நான் ஒருவன் இருப்பது அவர் கண்ணில் பட வேண்டும் என்று தினமும் சாமியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சாமி ஒரு புத்தகத்தைக் கொடுத்தது.

ஆபீஸ் சாமான் அறையில், முன்னால் இருந்த துரை ஒருவர் விட்டுப்போன பெட்டி கிடந்தது. அதற்குள் அது இருந்தது. அட்டையையும் முதல் சில தாள்களையும் கரையான் தின்றிருந்ததால், புத்தகத்தின் பெயர் என்ன, எழுதியவர் யார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. எண்களைப் படமாக வரைந்து காட்டுவது எப்படி என்பதுதான் விஷயம். உள்ளே கம்பம் கம்பமாக, வட்டம் வட்டமாக, மலை ஏறி இறங்குவதுபோல் கோடு கோடாகப் படங்கள். கம்பி எண்ணுகிற காலத்தில் (வேலியைச் சொல்கிறேன்) எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். நான் புரிந்துகொண்டது இவ்வளவு: வரிசையாக எழுதி வைத்த எண் தூங்கும், படமாக்கினால் எழுந்து உட்காரும். படத்தைப் பார்த்தவன் பக்கத்தில் இருப்பவனிடம் விளக்கம் கேட்கக் கூடாது, படமே பேச வேண்டும். படத்துக்குத் தேவையில்லாத கோடு, எழுத்து எதுவானாலும் அழித்துவிட வேண்டும்.

படமில்லாத பக்கங்களை நான் படிக்கவில்லை. படம் வரையச் சொல்லித்தரும் புத்தகத்தில், படமே இல்லாத பக்கத்தில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

எதைப் படமாக்குவது? தோட்டத்தில் அன்றைக்கு எல்லோருடைய பேச்சும் அரிசியைப் பற்றித்தான். முந்தின வருஷம் வாரா வாரம் பொதுக் கொட்டகையில் வெந்த அரிசியை வரைவது என்று முடிவு செய்தேன். பேரேட்டைப் பார்த்தால் எல்லா வாரமும் ஏறக்குறைய ஒரே அளவு. மாரியம்மன் திருவிழா வாரம் மட்டும் இரண்டு மடங்கு. அந்த வாரம் ஏழு நாளும் நடக்கும் அன்னதானத்துக்கு சுவா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சொந்தபந்தங்கள் பெர்மிட்டோடு வருவார்கள். அதற்கு முறைப்படி அனுமதி வாங்கியிருந்தது.

புத்தகத்தில் வெறும் கம்பம் போட்டிருந்தது. எனக்குக் கம்பம் பிடிக்கவில்லை. அரிசி என்றால் மூட்டை வேண்டாமா? நிஜச் சாக்குத் துணியை மூட்டை மாதிரி வெட்டி, பெரிய அட்டையில் வரிசையாக ஒட்டினேன். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு மூட்டை. திருவிழா வாரத்து மூட்டையை மட்டும் இரண்டு மடங்கு உயரமாக வெட்டினேன். பார்த்தால் அது மூட்டை மாதிரியே இல்லை, தென்னங்குற்றி மாதிரி நின்றது. மூட்டை என்றால் கொஞ்சம் தொந்தி வேண்டாமா? அகலத்தையும் இரண்டு மடங்கு ஆக்கினேன். ஆஹா, என்ன லட்சணம்! மூட்டையின் வாயில் குங்குமம் குழைத்துப் பூசி, கழுத்தில் ஒரு மாவிலை மாலையும் வரைந்தேன். கீழே எழுதியிருந்த எண்களைத் தேவையில்லாத எழுத்து என்று அழித்துவிட்டேன். படமே பேசட்டும்.

சுவரில் மாட்டுவதற்கு முன்னால் நல்ல நேரம் பார்த்து, ஓரத்தில் பிள்ளையார் சுழி போட்டு, சூடம் காட்டினேன். (சிரிக்காதீர்கள், அந்த வயதில் நீங்கள் எதற்கெல்லாம் சூடம் காட்டினீர்கள் என்று எனக்குத் தெரியாது.) துரை உள்ளே வரும்போது நின்றார். பார்த்தார். "குட்" என்றார். என் பெயரைக் கேட்டார். ஒன்றரை வருஷமாக அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த புதன்கிழமை உணவுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஜீப்பில் வந்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர். ஒல்லியான, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். வெள்ளிக்கிழமை எங்கள் திருவிழா தொடக்கம். அன்னதான அரிசிக்கு அவர் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டால்தான் மூட்டை நேரத்துக்கு வந்து சேரும். துரை, போன வருஷம்போல் இரண்டு மடங்கு வேண்டும் என்றார். அதிகாரியும் சரி என்று பேனாவைத் திறந்துவிட்டார். அந்த நேரத்தில் துரைக்கு என்னைப் பற்றிப் பெருமை வந்துவிட்டது. எங்கள் கிளார்க் ஒரு படம் போட்டிருக்கிறான், அதைப் பாருங்கள் என்றார்.

அதிகாரி பார்த்தார். பேனாவை மூடினார்.

அந்தப் பெரிய மூட்டை எந்த வாரம் என்று கேட்டார். திருவிழா வாரம் சார், இரண்டு மடங்கு சார் என்றேன். இது இரண்டு மடங்கு இல்லையே என்றார். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, சின்ன மூட்டை அளவுக்குக் கிழித்து, பெரிய மூட்டையின் மேல் வைத்து வைத்துப் பார்த்தார். கீழே இரண்டு, மேலே இரண்டு. நாலு தடவை கச்சிதமாக உட்கார்ந்தது.

அனுமதி இரண்டுக்கு, வெந்தது நாலு, மிச்சம் இரண்டு எங்கே போனது என்று என்னிடமே கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அது என் வெட்டுக் குற்றம் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வெள்ளைக்காரர் குரலை உயர்த்தாமல் கேள்வி கேட்டால் எனக்கு வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான். "யெஸ் சார்" என்றேன். வேலிக்கு வெளியே போயிருக்குமா என்றார். அதற்கும் "யெஸ் சார்." துரையின் முகம் குங்குமம் பூசிய என் மூட்டை வாய் மாதிரி சிவந்துபோனது.

பேரேட்டைக் கொண்டு வா என்றார்கள். பேரேடு பெரிய கிராணியின் அலமாரியில். சாவி பெரிய கிராணியின் இடுப்பில். பெரிய கிராணி கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள சிரம்பானில். சாயங்கால பஸ்ஸில்தான் வருவார். அதுவரை காத்திருக்க முடியாது என்றார் அதிகாரி. கையெழுத்து இல்லை. சமையல்காரியை போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய் விசாரிக்க வேண்டும், கூப்பிடு.

வாசிக்கிறவர்களுக்கு இது இன்றைக்குப் பெரிதாகத் தெரியாது. அந்தக் காலத்தில் காட்டுக்குச் சோறு அனுப்பியதாக ஒருவர்மேல் சந்தேகம் விழுந்து ஜீப்பில் ஏறினால், எப்போது திரும்புவார் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பலேற்றி ஊருக்கே அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அஞ்சலை அக்காவுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. இங்கேயே பிறந்தவர். இரண்டு பெண் குழந்தைகள்.

அவரைக் கூப்பிட என்னையே அனுப்பினார்கள். கொட்டகைக்கும் ஆபீசுக்கும் நூறடி தூரம் இருக்கும். ஆத்தா, இந்த அக்காவைக் காப்பாற்று, இந்த வெள்ளிக்கிழமையே உனக்குப் பால்குடம் எடுக்கிறேன், மூணு வருஷம் எடுக்கிறேன், ஐந்து வருஷம் எடுக்கிறேன் என்று அடிக்கு அடி வருஷத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். கொட்டகை வாசலில் கணக்கு ஒன்பது வருஷத்தில் நின்றது.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கொட்டகையில் தினமும் காவல் நிற்கிற மலாய்க்காரக் கார்ப்பரலும் பின்னாலேயே வந்தார். அதிகாரி இங்கிலீஷில் கேட்பதை நான் தமிழில் அக்காவிடம் சொல்ல வேண்டும். என்னுடைய படத்தை வைத்து அவர்மேல் சுமத்திய குற்றத்தை, என்னுடைய வாயாலேயே அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னேன்.

அஞ்சலை அக்கா அழவில்லை. அதிகாரியைப் பார்க்கவும் இல்லை. சுவரைப் பார்த்தார்.

"இது யாரு வரைஞ்சது?"

"நான்தான்கா."

"அந்தப் பெரிசு எத்தினி மூட்டை?"

"ரெண்டுக்கா."

"ரெண்டுன்னா ரெண்டு மூட்டையைப் பக்கத்துல பக்கத்துல ஒட்ட வேண்டியதுதானே. எதுக்குய்யா ஒரு மூட்டையைப் புடிச்சி யானையாட்டம் ஊத வெச்சே?"

மூன்று மாதம் அகராதியோடு கிடந்த எனக்கு வராத கேள்வி. அதிகாரி, என்ன சொல்கிறாள் என்றார். அதற்குள் அக்கா, "வாங்க, வந்து பாக்கச் சொல்லு" என்று கிளம்பிவிட்டார். அவர் முன்னால், அதிகாரி, துரை, கார்ப்பரல், கடைசியில் நான். குற்றவாளி அதிகாரியை அழைத்துக்கொண்டு போன ஊர்வலம் அதுவாகத்தான் இருக்கும்.

கொட்டகையில் இரண்டு அண்டாக்கள். ஒன்று அடுப்பில், மற்றது சுவரோரமாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அக்கா அதை நிமிர்த்தி, அடுப்பில் இருந்ததன் பக்கத்தில் வைத்தார். ஒரே அளவு.

"தோட்டத்துல இருக்கறதே இந்த ரெண்டுதான். தெனம் ஒண்ணு ஏத்துவேன். திருவிழா வாரத்துல தெனம் ரெண்டு ஏத்துவேன். மூணாவதையும் நாலாவதையும் எதுல பொங்குனேனாம், இந்தப் புதுத் தொரை தொப்பியிலயா? கேளு."

புத்தி உள்ளவன் அந்தக் கடைசி வார்த்தையை விழுங்கியிருப்பான். பயத்தில் எனக்கு எதை விழுங்குவது என்று தெரியவில்லை. அப்படியே, ஒரு சொல் குறையாமல், தொப்பி உட்பட இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அதிகாரி தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். உள்ளே பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்போதுதான் கார்ப்பரல் எங்கள் துரையைப் பார்த்து வாய் திறந்தார். எங்களோடு இருந்து இருந்து அவருக்குத் தமிழ் நன்றாக வரும். "போன வருசம் நான்தான் நின்னேன் லா, துவான். ரெண்டே அண்டா. தெனம் ஒரு தரம்தான்." பிறகு அதையே மலாயில் அதிகாரியிடமும் சொன்னார். இதை முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். யாருக்கும் தோன்றவில்லை. படம் பேசிவிட்ட பிறகு மனுஷனை யார் கேட்கிறார்கள்?

ஆபீசுக்குத் திரும்பியதும் அதிகாரி, எங்கே கற்றுக்கொண்டாய் இந்த வேலையை என்றார். கரையான் தின்ற புத்தகத்தை நீட்டினேன். வாங்கிப் புரட்டியவரின் முகம் மாறிவிட்டது. பழைய சிநேகிதனைப் பார்த்த முகம். இந்த வேலை தெரிந்தவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் புத்தகம் இது, படிக்கிற காலத்தில் எங்கள் ஆசிரியர் இதைப் பார்க்காமல் ஒரு கோடு போடமாட்டார் என்றார். தேடி ஒரு பக்கத்தை எடுத்து என்னிடமே கொடுத்து, உரக்கப் படி என்றார். ஒன்று இரண்டாகிவிட்டதைக் காட்ட உருவத்தைப் பெரிதாக்காதே, பார்ப்பவன் கண் உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துப் பார்த்து நாலாக எடுத்துக்கொள்ளும், ஒரே அளவு உருவத்தை இரண்டு தடவை போடு என்று அதில் இருந்தது. பெரியவர் எவரோ தடித்த புத்தகத்தில் எழுதியதும், அஞ்சலை அக்கா கை துடைத்த துணியோடு சொன்னதும் ஒன்றுதான்.

ஏன் இந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்று கேட்டார்.

"படமில்லாத பக்கம் சார்" என்றேன்.

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி அந்தப் பக்கத்தின் முனையை மடித்துப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். பிறகு என்னைக் கொண்டே யானை மூட்டையைப் பிய்க்க வைத்து, அந்த இடத்தில் இரண்டு சின்ன மூட்டைகளை ஒட்டச் சொல்லி, கீழே எண்ணையும் எழுதச் சொன்னார். நான் எழுதி முடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் பெரிய கிராணி வீங்கிய கன்னத்தோடு வந்து இறங்கி, சாவியை நீட்டி, ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். வாசலுக்கும் ஆபீசுக்கும் நடுவில் நாலு பேர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அன்னதானம் நடந்தது. இரண்டு அண்டா. பால்குடம் எடுத்தேன். அதற்குப் பிறகு எட்டு வருஷமும் எடுத்தேன், ஆத்தாவிடம் கணக்கில் ஏமாற்றவில்லை. வேலை நிரந்தரமாக மட்டும் இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அஞ்சலை அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கொட்டகை ஓரமாக நின்று, அக்கா, என்னால்தான் உங்களுக்கு என்று ஆரம்பித்தேன். அவர் வரிசையில் போய் நில்லு என்றார். நின்றேன். என் முறை வந்தது. தட்டை நீட்டினேன். அகப்பையை அண்டாவில் தட்டினார், தோட்டமே அடங்கியது.

"சின்னக் கிராணியாரே, உனக்கு ஒண்ணா, ரெண்டா, யானையா?"

அன்றைக்கு விழுந்த சிரிப்பு சி ரூசா கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். (இதோ, மறுபடி பெரிதாக்குகிறேன். வேலிவரைக்கும் கேட்டது.) அக்காவும் சிரித்தார், ஆனால் சிரிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜீப்பைப் பார்த்தபோது வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன். இத்தனை வருஷமும் அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தத் திருவிழாவுக்கு சுவாவிலிருந்து வந்து இரண்டாவது அண்டாச் சோற்றில் சாப்பிட்டுப் போனவர்களில் ஒரு பெண்ணும் இருந்தாள். நாலு வருஷம் கழித்து அவளையே எனக்குப் பேசினார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில், மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. "யானை மூட்டைக் கிராணி இவருதானா?" என்றுதான் கேட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்புக்கே சம்மதம் சொல்லிவிட்டேன். இன்றுவரை எங்கள் வீட்டில் சோறு போடும்போது அந்தக் கேள்வி இல்லாமல் கரண்டி எழும்பாது. பிள்ளைகள் பேசப் பழகியபோது "யானை" என்றால் அது ஒரு அளவு என்றுதான் நினைத்திருந்தார்கள்.

என் பேத்தி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டரில் எண்களைப் படமாக்குவதுதான் அவள் வேலை. (ரத்தம் அப்படி.) அக்காவின் கருமாதிக்கு வந்தவள், அவள் துறைக்காரர்கள் வேதம்போல் வைத்திருக்கும் மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துச் சொன்னாள். தேவையில்லாததை அழி என்று ஒன்றில் இருந்தது. அழிக்கிறேன் என்று எண்ணையே அழித்துவிடாதே என்று அதற்கடுத்த வரியிலேயே இருந்தது. கண் எப்படியெல்லாம் ஏமாறும் என்று இன்னொன்று முழுக்க எழுதியிருந்தது. மூன்றாவதில், உருவத்தை ஊதாதே, திரும்பப் போடு என்று ஒரு முழு அத்தியாயம்.

"பெரிய பெரிய ஆளுங்க எல்லாரும் இதைத்தான் தாத்தா சொல்றாங்க."

"அஞ்சலைப் பாட்டி பேரு போட்டிருக்கா, பாரு."

அவள் பின்பக்கத்துப் பெயர்ப் பட்டியலை விரலால் தடவிப் பார்த்தாள். சிரிப்பதற்காகத்தான் நான் கேட்டேன். அவள் நிஜமாகவே தேடினாள். "இல்ல தாத்தா" என்றாள்.

அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன். லிங்கிப் பக்கத் தோட்டத்தில் அஞ்சலை என்று ஒருவர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பார்வையில் என் படத்தின் பொய்யைக் கண்டுபிடித்தார். யாரையும் அடிக்கவில்லை. அண்டாவை நிமிர்த்தி வைத்தார், அவ்வளவுதான்.

இதை வாசிக்கிறவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பட்டாளம் வேண்டாம், ஹெலிகாப்டர் வேண்டாம், அகப்பை அடியும் வேண்டாம். இருக்கிறபடியே சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னது போதவில்லை என்று தோன்றினால் இன்னொரு தடவை சொல்லுங்கள், இதே அளவில்.